மெக்கானிக் முதுகு காட்டிய காட்சி

அழுது வீங்கிய கண்ணோடு அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோதுதான் அவன் கதவைத் தட்டினான்.

கதைகளில் முதல் சந்திப்பு என்றால் மழை பெய்யும், துப்பட்டா பறக்கும், கையிலிருக்கும் புத்தகங்கள் சிதறும், இரண்டு தலைகள் முட்டிக்கொள்ளும். இங்கே சிதறியது ஒரு ஸ்பூன். பறந்தது அவளுடைய மானம். மழை என்னவோ வெளியே கொட்டிக்கொண்டுதான் இருந்தது... ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல்கூட இல்லாத காது பரிசோதனை அறையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது எங்கே தெரியப்போகிறது. வந்தவனின் நனைந்த தோள்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

“சிஸ்டர்... காது டெஸ்ட் இங்கதானே?”

கரகரத்த குரல். உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி.

“நான் சிஸ்டர் இல்ல. டாக்டரும் இல்ல. காது பார்க்கிறவ. உட்காருங்க.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

அவன் உட்காரவில்லை. “அழுதிருக்கீங்க போல. யாராவது... தவறிட்டாங்களா? நான் வேணா அப்புறம் வரேன்.”

“ஆமா. மெக்கானிக்.”

“அடடா. நெருங்கின சொந்தமா?”

“டிவியில.”

அவன் பார்வை மேஜைக்குப் போனது. பரிசோதனை மிஷினின் மேல் சாய்த்து வைத்திருந்த போனில், சேனலின் இணையப் பக்கத்தில், படம் உறைந்து நின்றது. ஒரு கனத்த இரும்புக் கதவு. அதன் முன்னால் ஒரு மனிதனின் முதுகு. வந்தவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்... சொல்லவில்லை. அவள் சட்டென்று போனைக் கவிழ்த்தாள்.

அவளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முப்பதைத் தாண்டியவள். அக்கா வீட்டில் ஒரு அறை. வந்த வரன்களையெல்லாம் ‘முகத்துல ஒரு பாவமே இல்லையே’ என்று கழித்துக் கட்டியவள். அவள் மனசு போனதெல்லாம் ‘தூரத்து நிலையம்’ என்ற வெளிநாட்டு விண்வெளித் தொடரில் வரும் மெக்கானிக்கின் மேல். அவனுக்குத் தொடரில் பெயரே கிடையாது. அதிகம் பேசவும் மாட்டான். ஏதாவது உடைந்தால் வருவான், ஒட்டிவிட்டுப் போய்விடுவான். இப்படி ஒரு ஆளை நேரில் பார்த்தால் அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம்.

போன வெள்ளிக்கிழமைதான் அந்த மெக்கானிக் செத்தான். உடைந்த நிலையத்தின் கதவை உள்ளிருந்து ஒருவர் பிடித்துக்கொண்டால்தான் மற்றவர்கள் ஏறிய ஓடம் கிளம்பும். அவன் பிடித்துக்கொள்கிறான். அதற்கு முன்னால், அங்கே இருக்கிற, குளிர் தாங்கும் ஒரே கையுறையைக் கழற்றி நிலையத்து டாக்டரம்மாவின் கையில் மாட்டிவிடுகிறான்... இங்கே படத்தை நிறுத்தி இவள் ஒரு பாட்டம் அழுதாள். ஓடத்தின் கண்ணாடியில் படிந்த பனியைச் சட்டைக் கையால் துடைத்துவிடுகிறான், போகிறவளுக்கு வெளியே தெரிய வேண்டுமே... இங்கே இரண்டாவது பாட்டம். அப்புறம் முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறான். தன் முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாதாம்.

மூலத்தில் அந்த இடத்தில் ஒரு வார்த்தை கிடையாது. மூச்சுச் சத்தம்கூடக் கிடையாது. நம் மொழிக்கு மாற்றிப் பேசியதில் மட்டும் அந்த முதுகு பேசிவிட்டது.

“கதவைச் சாத்திக்கோ.”

அவ்வளவுதான். அழுதுகொண்டிருந்தவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ‘வால்நட்சத்திரம்’ என்ற பெயரில், முகம் காட்டாமல், ஒரு காபிக் கோப்பையையும் அதைப் பிடித்த கையையும் மட்டும் காட்டி, ஒவ்வொரு பாகத்தையும் பார்த்தபடியே அழுது, சிரித்து, திட்டிப் பதிவு போடுவது அவள் வழக்கம். அன்றைக்குத் திட்டோ திட்டு.

“கோடி மைல் தள்ளி நின்னுக்கிட்டு, கடைக்குக் கிளம்புற புருஷன் மாதிரி கதவைச் சாத்திக்கோன்றானே... யாருப்பா இந்தக் குரல் குடுத்த மகராசன்? தொண்டையில சளி வேற. ஒரு வாரம் லீவு போட்டுட்டு வந்து பேசியிருக்கக் கூடாதா?”

அதோடு விட்டாளா. அந்த வசனத்தைப் போட்டுக் காட்டி, அவனை மாதிரியே கரகரவென்று பேசிக் காட்டி, விழுந்து விழுந்து சிரித்தாள். கூட்டம் சேர்ந்துகொண்டது. அந்த வசனத்தை எடுங்கள் என்று ரசிகர்கள் எல்லாரும் சேனலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ரொம்பப் பெருமை.

அந்தப் பெருமையோடுதான் இப்போது வந்தவனின் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

குரல்வளையில் புற்று. அடுத்த வாரம் ஆபரேஷன். பிறகு மருந்து. மருந்துக்கு முன் காது எப்படி இருக்கிறது என்று பார்க்கவும்.

அந்த மாதிரிச் சீட்டுகளை அவள் அறிவாள். அந்த மருந்து உயிரைக் காப்பாற்றப் பார்க்கும். போகிற போக்கில் காதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டும் போகும். அவள் மெக்கானிக்கை மறந்தாள். குரல் தானாகத் தணிந்தது.

“உள்ள வந்து உட்காருங்க சார்.”

அறைக்குள் ஓர் அறை. ஃபிரிட்ஜுக்குள் நாற்காலி போட்ட மாதிரி ஒரு பெட்டி, தடித்த கதவு, ஒரே ஒரு கண்ணாடிச் சதுரம். கதவைச் சாத்திவிட்டால் உலகம் முழுதும் நின்றுபோன மாதிரி இருக்கும். முதல் தடவை வருபவர்கள் எல்லாரும் மிரள்வார்கள். அவன் மிரளவில்லை. ஹெட்போனைத் தானே எடுத்துச் சரியாக மாட்டிக்கொண்டான்.

“இந்த மாதிரி ரூம்லதான் எனக்குப் பாதி ஆயுசு போச்சு,” என்றான்.

ஜெயிலா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

“சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க. எவ்வளவு சின்னதா கேட்டாலும் பரவாயில்ல. கேட்ட மாதிரி இருந்தாலே தூக்குங்க.”

தூக்கினான். எல்லாச் சத்தத்துக்கும் தூக்கினான். மிகமிகச் சன்னமான, கொசுவின் பெருமூச்சு மாதிரியான சத்தத்துக்குக்கூட அந்தக் கை எழும்பியது. இப்படி ஒரு காதை அவள் பார்த்ததே இல்லை. இதையா கெடுக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே காகிதத்தில் கோடு வரைந்தாள்.

அடுத்தது வார்த்தைப் பரிசோதனை. அவள் மைக்கில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லுவாள், அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். உதட்டைப் பார்த்து ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக, ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொள்வாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவனுக்கு அவளுடைய கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அழுது சிவந்த, மை கரைந்த, மழை விட்ட பிறகு இலையில் தொங்கும் சொட்டு மாதிரி விழவா வேண்டாமா என்று நிற்கிற கண்கள்... அவற்றையே பார்த்தான். ஒருவேளை தலைவலியாகக்கூட இருக்கலாம் என்று அவள் நினைத்தாள். அவளுக்கு அவ்வளவுதான் தன்னம்பிக்கை.

“மரம்.”

“மரம்.”

“வீடு.”

“வீடு.”

“கதவு.”

அவன் கண்ணை மூடித் திறந்தான். பிறகு, கரகரப்புக்கு அடியிலிருந்து, எங்கோ கோடி மைல் தொலைவிலிருந்து, அந்தக் குரல் வந்தது.

“கதவைச் சாத்திக்கோ.”

அட்டை கீழே விழுந்தது. திறந்த வாய் திறந்தபடியே நிற்க, அவள் முழு முகத்தையும் அவன் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

“தொண்டையில சளி இல்லங்க வால்நட்சத்திரம்,” என்றான் மெதுவாக. “வேற ஒண்ணு. லீவு போட்டா போகாதாம்.”

* * *

கேன்டீன் தகரக் கூரையில் மழை அடித்து நொறுக்கியது. எதிரெதிரே இரண்டு டீ. அவள் டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“மரம்னு சொன்னீங்க பாருங்க. அந்த ‘ம’லயே தெரிஞ்சு போச்சு. உங்க பதிவு ஒண்ணு விடாம கேட்பேன். நான் பேசினதுக்கு எப்ப அழறீங்க, எங்க சிரிக்கறீங்கன்னு... எனக்கு வேற யார் சொல்றா? மைக்குக்கு முன்னாடி தனியா நின்னு பேசிட்டு வீட்டுக்குப் போறவன்.”

பூமி பிளக்குமா என்று தரையைப் பார்த்தாள். சிமெண்ட் தரை. வாய்ப்பில்லை.

“அந்த மத்த பதிவெல்லாம் கேட்டீங்க. சரி. கடைசியா போட்டதை...”

“கேட்டேன்.”

“முழுசாவா?”

“நீங்க என்னை மாதிரி பேசிக் காட்டினது நல்லா இருந்துச்சு. மூச்சு மட்டும் தப்பு.”

“என்ன?”

“‘சாத்திக்கோ’ன்னு முடிக்கிறப்போ மூச்சை வெளிய விட்டீங்க. போறவன் விடமாட்டான். உள்ள இழுத்து வச்சுக்குவான். விட்டா அழுதுடுவான்ல.”

அவள் டீயைக் குடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டாள். டம்ளரை இறக்கி, “அங்க பேசக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியுமில்ல?” என்றாள். எந்த நிலையிலும் ரசிகை ரசிகைதான்.

“தெரியும். ஆளு முதுகு காட்டி நின்னா எங்க தொழில்ல அது லாட்டரி மாதிரி. உதடு தெரியாது, யாரும் என்ன வேணா பேசலாம். ஆனா மூலத்துல எதுவும் இல்லைன்னா நாங்களும் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் முறை.”

“அப்புறம் ஏன்...?”

“அன்னிக்குக் காலையிலதான் டாக்டர் சொன்னாரு, குரல்வளையை முழுசா எடுக்கணும்னு. மத்தியானம் ரெக்கார்டிங். என் கடைசி சீன், மைக் முன்னாடி சும்மா நிக்கணும். இனிமே பேசாம இருக்கறதுக்குன்னே மீதி நாள் பூரா கிடக்கு... அதை இன்னிக்கே எதுக்கு ஆரம்பிக்கணும்னு தோணிச்சு. வாயில என்ன வந்துச்சோ அதைப் பேசிட்டேன். சவுண்டு இன்ஜினியர் நல்ல மனுஷன், கண்டுக்காத மாதிரி விட்டுட்டாரு.”

“அதுக்குக் கதவைச் சாத்திக்கோதான் கிடைச்சுதா? வேற நல்ல வசனமே வரலியா?”

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“ஒண்டிக்கட்டைங்க நான். வீட்டை விட்டுக் கிளம்பறப்போ அந்த வார்த்தையை யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்றதுக்கு உள்ள ஒரு ஆள் இருக்கணும்ல.”

மழை விட்டபாடில்லை. அவளும் எழுந்தபாடில்லை. அவளுடைய அறை வாசலில் காது கேளாத ஒரு பெரியவர், தன் பெயரை எப்போதோ கூப்பிட்டுவிட்டார்களோ என்ற கவலையில் உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலமே அந்தப் பதிவை அழித்தாள். இணையத்திலிருந்தும் அழித்தாள், போனிலிருந்தும் அழித்தாள், அழித்ததைப் போட்டு வைக்கும் குப்பைக் கூடையிலிருந்தும் அழித்தாள். பாவத்தைத் துடைக்கிற வேகம். கையோடு எதைத் துடைத்தாள் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

* * *

ஆபரேஷனுக்கு முன்னால் இதயம், ரத்தம், ஸ்கேன் என்று ஆஸ்பத்திரி அவனை மாடி மாடியாக ஏற்றி இறக்கியது. எந்த மாடிக்குப் போனாலும் வழி அடித்தளம் வழியாகத்தான் என்று அவன் சாதித்தான். அவளும் நம்புவது போல் நடித்தாள். அவன் ‘வால்’ என்று கூப்பிட ஆரம்பித்தான். அவள் ‘மெக்கானிக்’ என்றாள். இரண்டு பேரும் ‘ங்க’ போட்டுத்தான் பேசிக்கொண்டார்கள். அந்த ‘ங்க’வைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பேரும் விழாமல் நின்றார்கள்.

நாளுக்கு நாள் குரல் தேய்ந்தது. கடைசி நாள் வெறும் காற்றுதான் வந்தது. அவளுடைய அறை வாசலில் அவன் நின்றான். அவள் உள்ளே நின்றாள்.

‘சொல்லுங்களேன்...’ அவள் மனசு கெஞ்சியது. ‘இன்னிக்கு விட்டா எப்படிச் சொல்வீங்க? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. பஸ் நம்பர் சொன்னாலும் சரி.’

அவன் அவள் கண்களைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடினான். திரும்பினான். நீளமான அந்த நடைபாதையில், ட்யூப் லைட்டுகளுக்குக் கீழே, அவனுடைய முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு வார்த்தை இல்லை.

மூலத்தில் இருப்பது போலவே. அவள் கேட்டு வாங்கிய மௌனம்.

மறுநாள் காலை ஒரு செய்தி வந்தது. “இனிமேல் என்னைப் பார்க்க வராதீங்க வால். அழுகிற முகத்தை அவளுக்குக் காட்டக் கூடாதுன்னுதானே மெக்கானிக் திரும்பி நின்னான். உங்களுக்குத் தெரியாததா.” அவள் போனாள். வார்டு வாசலில் நர்ஸ் தடுத்தாள்: “பேஷண்ட் யாரையும் விட வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காரு. குறிப்பா காது பார்க்கிறவங்களைன்னு.”

எவ்வளவு அக்கறையாக அடையாளம் சொல்லியிருக்கிறான் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது... கூடவே மற்றதும் வந்தது.

அந்த ஞாயிறு மத்தியானம் அதே பாகத்தை மறுபடி ஒளிபரப்பினார்கள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் சோபாவில் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் தானாகப் பேசிய அந்த வார்த்தையை இன்னொரு தரம் கேட்கலாம்... இனி அதைக் கேட்க உலகத்தில் அந்த ஒரு இடம்தானே இருக்கிறது.

கையுறை போனது. பனி துடைத்தாயிற்று. மெக்கானிக் திரும்பி நின்றான். அவள் மூச்சைப் பிடித்தாள்.

ஒன்றும் வரவில்லை.

கதவு மூடியது. ஓடம் கிளம்பியது. விளம்பரம் வந்தது.

ரசிகர்கள் ஜெயித்துவிட்டார்கள். வால்நட்சத்திரம் ஜெயித்துவிட்டது. சேனல் வசனத்தை எடுத்துவிட்டது, இணையப் பக்கத்திலிருந்தும்.

அவள் பைத்தியம் பிடித்தவள்போல் ஒவ்வொருவரையும் கேட்டாள். முதல் ஒளிபரப்பு யாரிடம் இருக்கிறது? ‘உன் பதிவுலதானே பார்த்தோம், நீ போட்டிருந்தியே’ என்றார்கள் எல்லாரும். எப்படியோ நம்பர் வாங்கி அந்த சவுண்டு இன்ஜினியருக்குப் போன் போட்டாள். “எடுக்கச் சொன்னாங்கம்மா, எடுத்துட்டோம். பழைய டிராக் மேலயே மௌனத்தைப் பதிஞ்சாச்சு,” என்றார் அவர். பிறகு தயங்கி, “எனக்கும் விஷயம் அப்புறம்தாம்மா தெரியும். தெரிஞ்சிருந்தா ஒரு காப்பி வச்சிருப்பேன்,” என்றார்.

அந்த வார்த்தை அவன் குரலில் இருக்க ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது. அதன்மேல் அவளுடைய சிரிப்பு இருந்தது. அதைத்தான் அவள் துடைத்துப் போட்டிருந்தாள்.

“யாரு செத்தா?” என்றாள் அக்கா, மடித்த துணியோடு வந்து.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

அக்கா ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “என்னால ஆசீர்வாதம்லாம் பண்ண முடியாதுடி. உன்னைத் தூக்கி வளர்த்தவ நான். நாளைக்கு அந்த ஆளு இருப்பானா மாட்டானான்னே தெரியல. வாய் வேற இல்லைங்கற.”

“ம்.”

“அவனே வராதேன்னுட்டான். விட்டுத் தொலையேன்.”

“ம்.”

“என்னடி ம்? வாயைத் திறந்து பேசேன்.” சொன்ன பிறகுதான் அக்காவுக்கே உறைத்தது. உள் அறையிலிருந்து மாமாவின் குறட்டை வந்தது. அக்கா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். “அதோ, முழுத் தொண்டையையும் வச்சிருக்காரு. என்கிட்ட என்ன பேசிக் கிழிச்சாரு இத்தனை வருஷத்துல... உப்பு இல்ல, சட்டை எங்க. இது ரெண்டுதான்.” துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “நான் சரின்னு சொல்லல. ஞாபகம் வச்சுக்கோ.”

* * *

மருந்து ஆரம்பித்துச் சில மாதம் ஆனால் காதை மறுபடி சோதிக்க வேண்டும். ஆஸ்பத்திரி விதி. தன்மானமாவது ஒன்றாவது, விதி விதிதான். அதனால்தான் அவன் வந்தான்.

இந்த முறை மழைகூட இல்லை. முடி போயிருந்தது. கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தான். மூச்சு இப்போது அதன் வழியாகத்தான். பாதி உடம்பு சட்டைக்குள் இல்லை. கண்கள் மட்டும் அதே கண்கள். போனில் தட்டிக் காட்டினான்: “மிஷின் வச்சா பேசலாமாம். ரோபோ மாதிரி இருக்கும். மெக்கானிக்குக்கு இப்படி ஒரு பதவி உயர்வு.”

அவள் சிரிக்க முயன்று தோற்றாள். “உள்ள உட்காருங்க,” என்றாள். “சத்தம் கேட்டா...”

கையைத் தூக்கிக் காட்டினான். தெரியும் என்று.

தாழ்ந்த சத்தங்களுக்கெல்லாம் கை எழும்பியது. மேலே போகப் போகத் தயங்கியது. அவள் சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தக் கை மடியில் அப்படியே கிடந்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், ‘ஆரம்பிச்சிட்டீங்களா?’ என்று கேட்பது போல. கொசுவின் பெருமூச்சைக் கேட்ட காது. அவள் வரைந்த கோடு காகிதத்தில் படியிறங்கிக்கொண்டே போனது.

முதலில் மேல் ஸ்வரங்கள் போகும். மணிச் சத்தம், குருவிச் சத்தம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்களின் பேச்சு. இதை எத்தனையோ பேருக்கு எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறாள். இன்றைக்கு அவளுக்கே யாராவது விளக்கினால் தேவலை போலிருந்தது. அவனுக்குக் குரல் போய்விட்டது. இன்னும் எத்தனை ஊசியோ... ஒவ்வொன்றிலும் அவளுடைய குரலும் அவனிடமிருந்து கொஞ்சம் போகும்.

வார்த்தைப் பரிசோதனை மிச்சமிருந்தது. திருப்பிச் சொல்ல முடியாதவர்களுக்கு, பேச்சு வராத குழந்தைகளுக்கு, ஒரு படத்தாள் உண்டு. அவள் சொல்லுவதை அவன் தொட்டுக் காட்ட வேண்டும். தாளை அவன் மடியில் வைத்துவிட்டு வந்தாள். அட்டையால் வாயை மறைத்துக்கொண்டாள். அவளுக்கு அது நல்லதாகப் போயிற்று, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

“வீடு.”

வீட்டைத் தொட்டான்.

“மரம்.”

கதவைத் தொட்டான்.

இதுகூடவா கேட்கவில்லை? ஒலியைக் கூட்டினாள். “மரம்.”

கதவு.

“மரம்ங்க... மரம்.”

அவன் விரல் கதவின் மேலேயே இருந்தது. அழுத்தமாக. தவறிப்போய்த் தொட்டவன் விரல் அல்ல அது. அவள் நிமிர்ந்தாள். அவன் அவளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினான். பிறகு ஹெட்போனைக் கழற்றாமலே எழுந்தான். அந்தச் சின்னப் பெட்டிக்குள், கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

ஆளு முதுகு காட்டி நின்னா... உதடு தெரியாது. யாரும் என்ன வேணா பேசலாம்.

அட்டையைக் கீழே வைத்தாள். மைக்கின் பொத்தானை அழுத்தினாள். முன்பு கேலிக்காகப் பேசிய அதே கரகரத்த குரலில், தாழ்ந்த ஸ்வரத்தில், அவனுக்கு இன்னும் மிச்சமிருக்கிற ஸ்வரத்தில், அவனாகவே பேசினாள்.

“வால்... அன்னிக்கே சொல்லியிருக்கணும். தொண்டை இருந்தப்போ கூச்சமா இருந்துச்சு. கூச்சம் போனப்போ தொண்டை போயிடுச்சு.”

முதுகு அசையவில்லை. கை மட்டும் எழுந்தது. கேட்டது.

“வராதேன்னு சொன்னேன். தினமும் வாசலைப் பார்த்தேன்.”

கை எழுந்தது.

“எவ்வளவு நாள் இருப்பேன்னு தெரியாது. உன்கிட்ட கேட்கற யோக்கியதை எனக்கு இல்லைன்னு தெரியும். இருந்தாலும்...” அவள் குரல் உடைந்தது. அவன் குரலாகவே உடைந்தது. “உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு.”

கை எழும்பவில்லை. ஒரு கணம். இரண்டு கணம். தப்பாகப் பேசிவிட்டோமோ, இல்லாததை எல்லாம் ஒருவன் முதுகில் எழுதிவிட்டோமோ என்று அவள் உயிர் போய்க்கொண்டிருந்தபோது... கை எழுந்தது. மேலே, முழங்கை நீள, பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பையன் தூக்குவது போல உயர்ந்து, இறங்காமல் அங்கேயே நின்றது. தோள்கள் குலுங்கின.

அவள் கடைசியாக ஒன்றைச் சொன்னாள். அழிந்துபோன அந்த ஒன்றை. மூச்சை வெளியே விடாமல், உள்ளே இழுத்துப் பிடித்து.

“கதவைச் சாத்திக்கோ.”

வெளியே யாரோ அறைக் கதவைத் தட்டினார்கள். அடுத்த டோக்கன். தட்டட்டும்.

அவனுக்காகப் பேசவேண்டியது முடிந்துவிட்டது. இனி அவளுடைய வசனம். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டோம் என்பதுகூடத் தெரியாமல், தன் சொந்தக் குரலில் சொன்னாள்.

“எனக்கும்தான்.”

கை இறங்கிவிட்டது. அந்தத் தடித்த சுவருக்குப் பின்னால் நின்றவனுக்கு அது கேட்கவில்லை. அவன் திரும்பி, ‘ஏதாவது சொன்னீங்களா?’ என்பது போலக் காதைத் தொட்டுக் காட்டினான்.

இதைக் கிட்டப் போய்த்தான் சொல்ல வேண்டும். கேட்கிறவரை, கேட்கிற நாள்வரை, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அவள் எழுந்தாள். மிஷினைச் சுற்றிக்கொண்டு போனாள். அந்தக் கனத்த கதவை இழுத்துத் திறந்தாள்.

உள்ளே போய், சாத்திக்கொண்டாள்.